சேலத்துக்கு 45 நிமிடமா?

அடிவாரத்தான் | காலை 6:40

நேற்று ஒருவர் இங்கே ஒரு கேள்வி கேட்டிருந்தார். சென்னையை விட்டுவிட்டு ஏற்காட்டில் ஏரிப் பக்கமாகக் குடியேற நினைக்கிறார். 81 வயது அம்மா, மனைவி, மகன், மருமகள், இரண்டு பேரக் குழந்தைகள், அவரோடு சேர்த்து ஏழு பேர். சரிப்படுமா என்று கேட்டார். அதற்கு 'ஏரிக்கரை வீடு' எழுதிய பதிலில் ஒரு வரி: "பெரியவர்களுக்கு ஏதாவது என்றால் பயமே வேண்டாம், சேலம் பெரியாஸ்பத்திரி 45 நிமிடம்தான்."

படித்ததும் வயிறு எரிந்தது. நான் 22 வருடம் அந்தச் சாலையில் மினி லாரி ஓட்டியவன். காப்பி மூட்டை, மிளகு மூட்டை, கல்யாணச் சாமான், ஏன், பிரேதம்கூட ஏற்றியிருக்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவு. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவன் ஒதுங்கி நிற்கணும். ஒரு சுற்றுலா பஸ் வளைவில் திணறினால் பின்னால் பத்து வண்டி நிற்கும். அடிவாரம் வந்த பிறகு கோரிமேடு, அஸ்தம்பட்டி நெரிசல் தனி. 45 நிமிடம் என்று நம்பவைத்து ஒரு வயதான அம்மாவை மலைக்கு ஏற்றுவது பாவம்.

ஏரிக்கரை வீடு | காலை 7:25

அந்த வரியை எழுதியவள் நான்தான், மாற்றிக்கொள்ளப் போவதில்லை. 2021-ல் வேளச்சேரியிலிருந்து நாங்கள் ஆறு பேர் இங்கே வந்தோம். என் மாமியாருக்கு அப்போது 76 வயது. வேளச்சேரியில் மூன்றாம் மாடியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர், இங்கே தினமும் காலையில் ஏரிக்கரையில் நடக்கிறார். காப்பிப் பழம் பறிக்கும் பெண்களோடு உட்கார்ந்து பேசுகிறார். அவர் முகத்தை வந்து பாருங்கள், அப்புறம் பாவ புண்ணியம் பேசலாம்.

45 நிமிடம் நான் கடிகாரம் வைத்துப் பார்த்தது. காலை 5:30-க்குப் புறப்பட்டோம், 6:15-க்குப் போய்ச் சேர்ந்தோம்.

அடிவாரத்தான் | காலை 7:41

காலை 5:30! அதைத்தான் கேட்கிறேன். நெஞ்சுவலி காலை 5:30 பார்த்தா வரும்?

என் மாமனார் மலை மேல் மஞ்சக்குட்டை கிராமத்தில் இருந்தார். மார்கழி மாதம், ராத்திரி 11 மணி, எதிரே கையை நீட்டினால் கை தெரியாத பனிமூட்டம். நான்தான் வண்டி ஓட்டினேன், 22 வருடம் ஓட்டின கை. ஒரு மணி 50 நிமிடம் ஆச்சு. கீழே முதலில் நுழைந்த ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்று இன்னொரு இடத்துக்கு அனுப்பினார்கள். அந்த 110 நிமிடத்தில் அவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். 45 நிமிடம் என்று எழுதுகிறவர்களுக்கு அது புரியாது.

வைத்தி_மாஸ்டர் | காலை 8:05

இருவரும் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். எங்கிருந்து எங்கே 45 நிமிடம்? ஏரியிலிருந்து அடிவாரமா, ஆஸ்பத்திரி வாசலா? காரா, பஸ்ஸா, 108-ஆ? இது தெரியாமல் என்ன விவாதம்?

நாகலூர் பையன் | காலை 8:30

எங்க ஆயாவுக்கு 90 இருக்கும். நாகலூர்ப் பக்கம்தான் பிறந்தாங்க, இங்கேதான் இருக்காங்க. எங்களுக்கு ஏற்காடு வந்து சேர்வதே ஒரு பயணம். அதற்குப் பிறகுதான் உங்கள் 45 நிமிடமே தொடங்குது. பரம்பரையாக இந்த மலையில் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் தாத்தா, பாட்டி, பேரன் என்று ஒரே வீட்டில் இருக்கோம். மலையாளி என்றதும் கேரளாவா என்று கேட்காதீங்க, கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித் தொகுதி என்பதாவது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

நீங்க வெளியூரிலிருந்து வந்து குடியேறலாமா, வேண்டாமா என்று அடித்துக்கொள்றீங்க. வீட்டு வாடகை ஏறினது எங்களுக்கு. கோடையில் ஏரியைச் சுற்றி உங்க கார் நிற்பதால் எங்க ஊர் பஸ் நகராம நிற்பது எங்களுக்கு.

அடிவாரத்தான் | காலை 8:44

தம்பி, நீங்க சொன்னதுதான் என் கட்சி. கோடை விழா நடக்கிற மே மாதத்தில் அஸ்தம்பட்டி வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கு என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். குப்பனூர் சுற்று எவ்வளவு என்று ஏரிக்கரை அம்மாவிடம் கேளுங்கள். அதுவும் 45 நிமிடமா?

நாகலூர் பையன் | காலை 8:50

நான் உங்க கட்சி இல்ல அண்ணே. யார் கட்சியும் இல்ல. நாங்க இத்தனை காலம் இங்கே வாழ்றோம், அதை ஏன் யாரும் கணக்கில் எடுக்கல என்று கேட்டேன்.

ஏரிக்கரை வீடு | காலை 9:15

அடிவாரத்தான் சாருக்கு என் மேல் உள்ள கோபம் இன்று வந்ததல்ல. போன வருடம் நாங்கள் ஆட்டோ கியர் கார் வாங்கப் போகிறோம் என்று எழுதியபோது, "மலைக்கு ஆகாது, பிரேக் எரியும், வாங்காதே" என்று நாற்பது தடவை எழுதினார். வாங்கினோம். ஒரு வருடமாக வாரம் ஒருமுறை இறங்கி ஏறுகிறோம். பிரேக் எரியவில்லை. அன்றும் தப்பு, இன்றும் தப்பு.

அடிவாரத்தான் | காலை 9:22

பிரேக் எரியும் என்று நான் சொன்னது, கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால். அதை முழுதாக எழுதுங்கள். பாதியை மட்டும் எழுதுவது உங்கள் வழக்கம். 45 நிமிடமும் அப்படித்தான், பாதி.

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய பஸ் 13-வது வளைவில் உருண்டதை மறந்துவிட்டீர்களா? பலர் செத்தார்கள். அந்த வளைவைத் தாண்டும்போது இன்றைக்கும் என் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது.

கொடைக்கு வாங்க | காலை 9:50

ஏரி வேண்டும், குளிர் வேண்டும் என்றால் கொடைக்கானல் வாங்க. 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கின ஏரி, நட்சத்திர வடிவம், சுற்றி நடக்க நல்ல பாதை. ஏற்காடு ஏரியை ஒரு சின்ன நடையில் சுற்றி முடித்துவிடலாம், அதைப் போய் ஏரி என்கிறீர்கள்.

ஏரிக்கரை வீடு | காலை 9:58

81 வயது அம்மாவை 7,000 அடிக்கு ஏற்றச் சொல்கிறீர்களா? ஏற்காடு 5,000 அடிக்குக் கொஞ்சம் குறைவு. முதியவர்களுக்கு அதுதான் அளவான குளிர். உங்கள் ஊருக்கு வெளியூர் வண்டி வர 2024 மே முதல் இ-பாஸ். மகள் ஊரிலிருந்து பேரனோடு பார்க்க வருவதென்றாலும் முதலில் கணினியில் பதியணும்.

கொடைக்கு வாங்க | காலை 10:04

இ-பாஸ் ஒரு நிமிட வேலை. நீதிமன்றம் சொல்லி வந்தது. நெரிசல் குறைய வேண்டும் என்றுதான் கொண்டுவந்தார்கள். உங்களுக்கும் ஒருநாள் வரும்.

அடிவாரத்தான் | காலை 10:10

கொடைக்கானலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 45 நிமிடத்துக்குப் பதில் வரட்டும்.

அம்மாபேட்டை அக்கா | காலை 11:30

எல்லோரும் சாலையையே அளக்கிறீர்கள். வீட்டுக்குள் வாருங்கள். நான் கல்யாணமாகி ஏழு வருடம் ஏற்காட்டில் கூட்டுக் குடும்பமாக இருந்தவள். ஐப்பசி, கார்த்திகையில் துணி நாலு நாள் காயாது. ஏழு பேர் துணி. போர்வை ஓதம் ஏறிக் கனக்கும், அலமாரியில் பட்டுப் புடவை பூஞ்சை பிடிக்கும். சரிவில் கட்டின வீடு என்பதால் சமையலறைக்கு நாலு படி, குளியலறைக்கு மூன்று படி. ராத்திரி இரண்டு மணிக்கு என் மாமியார் வெளிச்சம் இல்லாமல் அந்த மூன்று படியில்தான் விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரி எத்தனை நிமிடம் என்பதற்கு முன்னால் படி எத்தனை என்று எண்ணுங்கள்.

கரண்ட் போனால் வெந்நீருக்கு விறகு அடுப்பு. முதலில் பெரியவர்கள் குளிக்கணும், அப்புறம் குழந்தைகள், எனக்கு வரும்போது பச்சைத் தண்ணீர். மாமனார் நண்பர்கள் எல்லாம் கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டையில், அவர் பேச ஆளில்லாமல் என்னையே பத்துத் தடவை கூப்பிடுவார். கேள்வி கேட்டவர் ஒரு விஷயம் சொல்லட்டும். மருமகளிடம் கேட்டாரா? அவள் வேலைக்குப் போகிறவளா? மழையில் இணையம் போனால் அவள் வேலை என்ன ஆகும்?

ஏரிக்கரை வீடு | காலை 11:52

அக்கா, நானும் மருமகள்தான். வரலாம் என்று முதலில் சொன்னதே நான்தான். எங்கள் வீடு ஒரே தளம், படி இல்லை, குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தியிருக்கிறோம். பார்த்து எடுத்தால் இப்படி வீடு கிடைக்கும்.

அம்மாபேட்டை அக்கா | மதியம் 12:05

கிடைக்கும், உங்கள் வாடகைக்கு. அந்த வாடகை எவ்வளவு என்று மட்டும் இதுவரை எழுதவில்லை.

வரலாற்றுப் பிரியன் | மதியம் 12:40

ஏற்காட்டில் முதியவர்கள் வாழ முடியாது என்பதுபோல் பேசுகிறீர்கள். ஆறுமுக நாவலரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்த பாதிரியார் பீட்டர் பெர்சிவல் ஏற்காட்டில்தான் 1882-ல் காலமானார், 80-ஐ நெருங்கிய வயதில். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்கால ஆயுதம் கண்டெடுத்தவர், அவரும் கடைசிக் காலத்தில் இதே ஊரைத்தான் தேர்ந்தெடுத்தார். மாமனார், மகள், மருமகன் என்று ஒரு குடும்பமே இந்த மலையை நம்பியது. அப்போது கார் இல்லை, 108 இல்லை.

அடிவாரத்தான் | மதியம் 12:55

1882-ல் பெர்சிவல் துரைக்கு யாரும் "45 நிமிடம்தான், பயப்படாதீர்கள்" என்று சொல்லவில்லை. அவருக்குத் தூரம் தெரியும், தெரிந்தே போனார். இவர்களுக்குப் பொய் சொல்லி அனுப்புகிறீர்கள்.

நாகலூர் பையன் | மதியம் 1:10

வெள்ளைக்காரன் பேர் சொன்னால்தான் ஊருக்கு மதிப்பா? காப்பி வந்த கதை என்றாலும் காக்பர்ன் துரை, வீடு என்றாலும் ஃபுட் துரை. சேர்வராயன் கோயில் அதற்கு எவ்வளவோ முன்னாடி இருக்கு.

வரலாற்றுப் பிரியன் | மதியம் 1:18

நான் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆதாரத்தோடு ஆண்டு தெரிந்ததைச் சொன்னேன். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்ற பெயரே தமிழ்தானே?

நாகலூர் பையன் | மதியம் 1:21

பெயரை யார் வெச்சாங்க என்று எங்களுக்கு நீங்க சொல்லித் தர வேண்டாம்.

ஏரிக்கரை வீடு | மதியம் 2:30

எனக்குத் தெரிந்த வரை ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. முதல் சிகிச்சை அங்கே. பக்கவாதம் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம் இருக்கிறது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். 45 நிமிடம் இல்லை, 90 நிமிடமே ஆகட்டும், என்ன குடி முழுகிவிடும்?

அடிவாரத்தான் | மதியம் 2:36

எல்லோரும் பாருங்கள், 90 என்று அவரே எழுதிவிட்டார்.

ஏரிக்கரை வீடு | மதியம் 2:40

ஆகட்டும் என்றேன், ஆகிறது என்று சொல்லவில்லை. 45 நிமிடம்தான்.

அடிவாரத்தான் | மதியம் 2:58

நாலரை மணி நேரம் என்பது பக்கவாத அறிகுறி தொடங்கிய நிமிடத்திலிருந்து. தூக்கத்தில் வந்தால் எப்போது வந்தது என்று யாருக்குத் தெரியும்? ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் ஊசி. மாரடைப்புக்கு நாலரை மணி நேரம் காத்திருக்க முடியுமா? 2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழையை நினைத்துப் பாருங்கள். ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மலைப்பாதையில் மண்சரிந்து, பாறை விழுந்து கிடந்தது. அன்றைக்கு உங்கள் 45 நிமிடம் எங்கே போச்சு? நான் அடிவாரத்தில் நின்று பார்த்தேன். மேலே அம்மா இருக்கிறாள், மாத்திரை தீர்ந்துவிட்டது என்று ஒரு பையன் மருந்துக் கடைப் பையை வைத்துக்கொண்டு அழுதான். ஏறவிடவில்லை. அந்தப் பையனுக்கும் யாரோ 45 நிமிடம் என்று சொல்லித்தான் இருப்பார்கள்.

நான் ஏற்காட்டுக்கு எதிரி இல்லை. என் பிழைப்பே அந்த மலையில். இரண்டு பேர் போங்கள், நாலு பேர் போங்கள். நடக்க முடியாத பெரியவரையும் கைக்குழந்தையையும் ஒன்றாக ஏற்றாதீர்கள் என்கிறேன்.

ஏரிக்கரை வீடு | மதியம் 3:20

சென்னையில் 2015 டிசம்பரில் என்ன நடந்தது? வேளச்சேரியில் எங்கள் தெருவில் படகு வந்தது. ஆஸ்பத்திரி இரண்டு கிலோமீட்டர், போக முடிந்ததா? என் மாமனாருக்கு அப்போது டயாலிசிஸ். மூன்று நாள் தாமதம். நான் இந்த ஊரை ஆசைக்காகத் தேர்ந்தெடுத்தேன் என்று நினைத்தீர்களா?

வைத்தி_மாஸ்டர் | மாலை 4:00

மறுபடி கேட்கிறேன். எங்கிருந்து எங்கே?

கேள்வி கேட்டவன் | மாலை 5:15

வணக்கம். நேற்றுக் கேட்டது நான்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆஸ்துமா இல்லை. மருமகளிடம் இன்னும் பேசவில்லை. படி இல்லாத வீடு ஏரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு எங்கே விசாரிக்கலாம்? சின்னவளுக்கு ஆறாம் வகுப்பு, விடுதி இல்லாமல் தினமும் போய்வரும்படி பள்ளி இருக்கிறதா?

அடிவாரத்தான் | மாலை 5:21

சார், பள்ளி அப்புறம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு நானே மேலே வருகிறேன். ஏரி படகுத்துறையில் புறப்பட்டு பெரியாஸ்பத்திரி வாசல் வரை, கடிகாரம் என் கையில். ஏரிக்கரை அம்மாவும் அவர் ஆட்டோ கியர் வண்டியில் பின்னால் வரட்டும்.

ஏரிக்கரை வீடு | மாலை 5:30

ஞாயிறு 11 மணியா? ஊர் மொத்தமும் மலையேறும் நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். புதன்கிழமை வாருங்கள்.

அடிவாரத்தான் | மாலை 5:33

புதன் கிடையாது. ஞாயிறு.

ஏரிக்கரை வீடு | மாலை 5:37

படகுத்துறையிலிருந்து யார் புறப்படச் சொன்னது? என் வீடு ஒண்டிக்கடைப் பக்கம். நான் சொன்ன 45 நிமிடம் என் வீட்டு வாசலிலிருந்து.