பேச்சும் நடக்கிறது, தாக்குதலும் கூடுகிறது: உக்ரைனில் சண்டை நிற்பதற்கு எது தடை?

ஆம்பூர்க் கணக்கர் கேட்கிறார்:

காலணி மேல்பாகங்களைத் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். ரஷ்ய எண்ணெயை வாங்குவதைக் காரணம் காட்டி, 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா நம் பொருள்கள் மீது மேலும் 25 விழுக்காடு வரி போட்டு மொத்தத்தை 50 ஆக்கியபோது, சரக்கை அனுப்ப வேண்டாம், பொறுத்திருங்கள் என்று வாங்குவோரிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. அதுவரை தொலைக்காட்சியில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த போர் அன்றைக்கு எங்கள் பேரேட்டுக்குள் வந்துவிட்டது. அதனால்தான் இதைக் கொஞ்சம் ஊன்றிப் படிக்கத் தொடங்கினேன்.

எனக்குப் புரியாதவை இரண்டு. 2025 மே முதல் ஜூலை வரை இஸ்தான்புல்லில் இரு தரப்பும் நேரில் உட்கார்ந்து பேசி, ஆயிரத்துக்கு ஆயிரம் என்று கைதிகளை மாற்றிக்கொண்டார்கள். ஆகஸ்டு 15 அன்று அலாஸ்காவில் டிரம்பும் புதினும் சந்தித்தார்கள். நவம்பரில் போரை முடிப்பதற்கான 28 அம்சங்கள் கொண்ட அமெரிக்க வரைவு ஒன்று வெளியே வந்தது. இத்தனைக்கும் நடுவில் தாக்குதல் குறையவில்லையே, ஏன்? அடுத்தது, தோனெத்ஸ்க் மாகாணத்தில் உக்ரைன் கையில் எஞ்சியிருப்பது ஒரு சிறு பகுதிதான். அதை விட்டுக்கொடுத்தால் சண்டை நின்றுவிடும் என்று எங்கள் டீக்கடையில் அடித்துச் சொல்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சிறு பகுதியை விடாமல் இருப்பதற்கு இராணுவக் காரணம் ஏதாவது இருக்கிறதா என்பதையே கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற சாப்பர், கம்மவான்பேட்டை:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது.

ஸ்லோவியான்ஸ்க், கிராமடோர்ஸ்க், துருஷ்கிவ்கா, கோஸ்தியாந்தினிவ்கா என்று வடக்கிலிருந்து தெற்காக ஒரே நெடுஞ்சாலையில் வரிசையாக அமைந்த நான்கு ஊர்களை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். 2014இல் ஸ்லோவியான்ஸ்க் மீட்கப்பட்டதிலிருந்தே உக்ரைன் அங்கே பதுங்குகுழியும் கண்ணிவெடியும் டாங்கித் தடுப்புப் பள்ளமுமாகத் தன் அரணைக் கட்டி வந்திருக்கிறது. அதற்கு மேற்கே பெரும்பாலும் திறந்த வயல்வெளி. அந்த அரண் வரிசையைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், எதிரி நாளைக்கே வாக்கு மாறினாலும் அடுத்த பாய்ச்சலை அரணுக்கு இந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவான். பரப்பளவில் சிறியது என்பதற்காக அதன் மதிப்பைக் குறைத்து எடை போடக் கூடாது.

நான் இராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் கண்ணிவெடி வேலை பார்த்தவன். வெடி புதைத்த நிலத்தில் பாதை திறப்பது, முன்னால் எதிரி யாரும் இல்லாத பயிற்சித் திடலிலேயே பொறுமையைச் சோதிக்கும் காரியம். 2023 ஜூனில் ஓரிகிவ் ஊருக்குத் தெற்கே உக்ரைன் படை மேற்கு நாடுகள் கொடுத்த லெப்பர்டு டாங்கிகளோடும் பிராட்லி வண்டிகளோடும் இறங்கியபோது, கண்ணிவெடிகளுக்கு நடுவே திறந்துவிட்ட ஒடுக்கமான பாதையிலேயே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டன. மேலிருந்து ரஷ்ய ஹெலிகாப்டர்கள் அடித்தன. மெலிடோபோலை எட்டுவதற்காகத் தொடங்கிய அந்தத் தாக்குதல் ரோபோடினே என்ற சிற்றூருக்கு அப்பால் பெரிதாக நகரவில்லை. அதன்பின் ட்ரோன் பெருகி நிலைமையை இன்னும் இறுக்கிவிட்டது. முன்வரிசைக்கு இரு புறமும் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு, பகலில் ஒரு வண்டி நகர்ந்தாலே கண்ணில் பட்டு அடிபடும் நிலை. படையைத் திரட்டினால்தான் முறியடித்து உள்ளே போக முடியும், திரட்டினால் உடனே தெரிந்துவிடும் என்ற முடிச்சை இரு தரப்பாலும் அவிழ்க்க முடியவில்லை. அதனால்தான் ரஷ்யர்கள் இருவர் மூவராக ஊடுருவுகிறார்கள். 2024 பிப்ரவரியில் அவ்தியிவ்காவைப் பிடித்தவர்கள், ஏறக்குறைய வேலூருக்கும் ஆம்பூருக்கும் உள்ள தொலைவில் இருக்கும் போக்ரோவ்ஸ்கிற்காக 2025 இறுதியிலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்படி நகர்கிற போரில் பேச்சுவார்த்தை என்பதும் ஒரு முனைதான். மெதுவாகத்தான் என்றாலும் நாம் முன்னேறுகிறோம், அவர்களுக்கு ஆள் தீர்ந்துவிடும் என்பது மாஸ்கோவின் கணக்கு. கட்டாயப் படைச் சேர்ப்பு வயதை 2024 ஏப்ரலில் 27இலிருந்து 25 ஆகக் குறைக்கும் நிலைக்கு உக்ரைன் வந்ததை அவர்களும் கவனித்திருப்பார்கள். ரஷ்ய எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களைத் தொலைதூர ட்ரோன்களால் அடித்துக்கொண்டே இருந்தால் அவர்களுக்குப் பணம் தீரும் என்பது கீவின் கணக்கு. காலம் தன் பக்கம் என்று இருவருமே நம்பும்வரை மேசையில் பேச்சும் களத்தில் அடியும் சேர்ந்தே நடக்கும்.

இதற்கு மாறாக நடந்த ஓர் இடம் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. உக்ரைனின் தானியக் கப்பல்களுக்குக் கருங்கடலில் வழிவிட்ட தானிய ஒப்பந்தத்திலிருந்து 2023 ஜூலையில் ரஷ்யா விலகியது. ஆனால் அதற்குள் ரஷ்யக் கருங்கடல் கடற்படையின் மோஸ்க்வா என்ற தலைமைக் கப்பல் மூழ்கியிருந்தது. அடுத்த மாதங்களில் அதன் தளமான செவஸ்தோபோல் துறைமுகமும் ஏவுகணைக்கும் கடல் ட்ரோனுக்கும் இலக்காகி, கடற்படையின் பெரும்பகுதி நோவோரோசிய்ஸ்க் பக்கம் ஒதுங்கியது. ருமேனிய, பல்கேரியக் கரையோரமாக உக்ரைன் தானே திறந்த பாதையில் கப்பல்கள் தொடர்ந்து போயின. ஒடெசா துறைமுகத்தின் மீது குண்டு விழுவது இன்றும் நிற்கவில்லை; ஆனாலும் கடல்வழியை அடைக்க முடியவில்லை. எந்த உடன்படிக்கையும் இல்லாமல், தடுப்பதற்கு ஆகும் விலை கூடியதால் மட்டுமே கிடைத்த பலன் அது.

கார்கிவ் நகரில் படித்தவள், வேலூர்:

ஐயா எழுதியது முழுவதும் நிலத்தைப் பற்றியது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் விட்டுக்கொடு என்று டீக்கடையில் சொல்பவர்கள் அந்த நிலத்தின் மேல் மனிதர்கள் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

2022 மார்ச் 2 அன்று, இன்று மாலைக்குள் கார்கிவை விட்டு வெளியேறுங்கள், வண்டி இல்லாவிட்டால் நடந்தாவது போங்கள் என்று இந்தியத் தூதரகம் அறிவித்தபோது, பனியில் பிசோச்சின் வரை நடந்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் விடுதிக் காப்பாளரான அம்மா வீட்டில் பேசியது ரஷ்ய மொழிதான். அந்த நகரத்தில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான். ரஷ்ய மொழி பேசுபவர்களைக் காப்பாற்றவே படை வந்தது என்று சொன்ன தரப்பு, அந்த மொழி பேசுபவர்களின் அடுக்குமாடிகள் மீதே குண்டு போட்டது. எல்லையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் அந்நகரில் பின்னர் மெட்ரோ நிலையங்களுக்குள் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினார்கள்.

பிடிபட்ட பகுதிகளில் ரஷ்யக் கடவுச்சீட்டை வாங்காதவர்களால் வேலையோ மருத்துவமோ பெறுவது கடினமாகிவிட்டது. அங்கிருந்து குழந்தைகளைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொண்டுபோன குற்றச்சாட்டில்தான் 2023 மார்ச்சில் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் புதின் மீது பிடியாணை பிறப்பித்தது. ஆகவே ஒரு கோட்டை இந்தப் பக்கமாக நகர்த்துவது என்றால், அங்கே குடியிருப்பவர்கள் வீட்டைவிட்டு ஓட வேண்டும் அல்லது அந்த ஆட்சிக்குள் போக வேண்டும் என்று பொருள். தவிர, நாட்டின் எல்லையை மாற்ற வேண்டுமானால் நாடு முழுவதும் பொதுவாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும் என்கிறது உக்ரைன் அரசியலமைப்பின் 73ஆம் பிரிவு. ஜெலென்ஸ்கியே மனம்வைத்தாலும் தன் கையெழுத்தை மட்டும் போட்டு அதைக் கொடுத்துவிட முடியாது.

குடியாத்தம் வாசகர்:

எல்லாரும் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கிறீர்கள் என்று படுகிறது. உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒரு நாள் உறுப்பினர் ஆகும் என்று 2008இல் புக்கரெஸ்ட் மாநாட்டில் நேட்டோ அறிவித்ததை ரஷ்யா அன்றே எதிர்த்தது. 2022 மார்ச் இறுதியில் இஸ்தான்புல்லில் நடுநிலை நாடாக இருக்க உக்ரைன் ஏறத்தாழ ஒப்புக்கொண்டும் இருந்தது. அதை அன்றே முடித்திருந்தால் இத்தனை உயிர் போயிருக்காது. மேற்கு நாடுகளின் பேச்சைக் கேட்டுக் கெட்டார்கள் என்பதே என் கருத்து.

ஆற்காட்டு வரலாற்று ஆசிரியர்:

குடியாத்தம் நண்பர் இஸ்தான்புல்லைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. ஆனால் அந்த வரைவு எங்கே முறிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுநிலைக்கு உக்ரைன் இசைந்தது உண்மை. அதற்கு ஈடாக, மீண்டும் தாக்கப்பட்டால் உறுதியளித்த நாடுகள் உதவிக்கு வர வேண்டும் என்று கேட்டது. அந்த நாடுகள் அனைத்தும், அதாவது ரஷ்யாவும் உட்பட, ஒப்புக்கொண்டால்தான் உதவி என்று ரஷ்யத் தரப்பு வரைவில் திருத்தம் வைத்தது. தாக்கியவனே சம்மதித்தால்தான் காவலர் வருவார் என்பது போன்ற உறுதி எதற்கு ஆகும்? படையளவிலும் ரஷ்யா 85,000 என்றது, உக்ரைன் 2,50,000 என்றது. புச்சா ஊரில் பொதுமக்கள் கொல்லப்பட்டது வெளியே தெரிந்ததும், மேற்கு நாடுகள் ஆயுதம் தர முன்வந்ததும் உக்ரைனின் மனத்தை மாற்றியிருக்கும்தான், ஆனால் முறிவின் விதை வரைவுக்குள்ளேயே கிடந்தது. 1994இல் புடாபெஸ்டில் அணு ஆயுதங்களைக் கைவிட்டு, எல்லையை மதிப்போம் என்ற காகிதத்தைப் பெற்ற நாடு அது. அடுத்த காகிதத்தில் காவலுக்கு யார் என்று கேட்பதைப் பிடிவாதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போர் உத்தியைப் பற்றி ஒரு சொல். 2024 ஆகஸ்டு 6 அன்று உக்ரைன் ரஷ்யாவின் கூர்ஸ்க் மாகாணத்துக்குள் புகுந்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது. 1751இல் திருச்சிராப்பள்ளியில், ஆற்காட்டு நவாபு பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலி முற்றுகைக்குள் சிக்கியிருந்தார். அவரை மீட்க நேரே திருச்சிக்குப் போகாமல், கிளைவ் ஏறத்தாழ 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் சென்னையிலிருந்து வந்து ஆற்காட்டைப் பிடித்தார். முற்றுகையிட்ட போட்டியாளர் சந்தா சாகிபு பதறிப்போய்த் தன் மகன் ராசா சாகிபின் தலைமையில் திருச்சியிலிருந்து படையைப் பிரித்து அனுப்பினார். ஐம்பது நாள் முற்றுகையிட்டும் ஆற்காடு விழவில்லை. திசைதிருப்பும் உத்தி பலித்ததற்குக் காரணம், ஆற்காடு நவாபின் தலைநகரம், வரி வந்து சேரும் இடம். கூர்ஸ்கில் உக்ரைன் பிடித்த சுட்ஜாவோ எல்லையோரச் சிறு நகரம். அதை இழந்த அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு, வேறு முனைகளிலிருந்தும் பிறகு வட கொரியாவிலிருந்தும் ஆளைக் கொண்டுவந்து, போக்ரோவ்ஸ்க் பக்கத்து அழுத்தத்தைத் தளர்த்தாமலே ரஷ்யா அதை 2025 வசந்தத்தில் மீட்டுக்கொண்டது. எதிரியால் விட முடியாத இடத்தைத் தொட்டால்தான் அவன் திரும்புவான்.

அதே காலத்திலிருந்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1748இல் எக்ஸ்-லா-ஷபேலில் இங்கிலாந்தும் பிரான்சும் உடன்படிக்கை செய்து, சென்னையைக்கூட ஆங்கிலேயரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். மறு ஆண்டே, 1749 ஆகஸ்டில், கேள்வி கேட்ட நண்பரின் ஆம்பூரில் பிரெஞ்சுப் படையின் துணையோடு நடந்த போரில் நவாப் அன்வருத்தீன் மாண்டார். நவாபு பதவிக்கான போட்டியை அந்த உடன்படிக்கை தொடவே இல்லை. வாஷிங்டனும் மாஸ்கோவும் தங்களுக்குள் ஒத்துப்போய்விட்டால் தோனெத்ஸ்க் தானாக அடங்கிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது பொருந்தும்.

கொரியாவையும் பாருங்கள். 1951 ஜூலையில் தொடங்கிய பேச்சு 1953 ஜூலை 27 அன்றுதான் முடிந்தது. அதுவரை சண்டை ஓயவில்லை. போர்நிறுத்தக் கோடு எங்கே என்பது முன்னதாகவே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கைதிகளை அவர்கள் விருப்பத்துக்கு எதிராகத் திருப்பி அனுப்பலாமா என்ற ஒரே சிக்கல் ஓர் ஆண்டுக்கு மேல் இழுத்தது. பெயரிலேயே ஆற்காட்டைச் சுமந்த மருத்துவ அதிகாரி ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் நம் 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் அங்கே பணியாற்றியதும், பின்னர் அந்தக் கைதிகள் விவகாரத்துக்கான ஆணையத்துக்கு ஜெனரல் திம்மையா தலைமை ஏற்றதும் நம்மவர் பலருக்குத் தெரியாது. தென் கொரியா அந்த உடன்பாட்டில் கையெழுத்தே போடவில்லை. ஆனால் 1953 அக்டோபரில் அமெரிக்காவுடன் தற்காப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்கப் படை அங்கேயே தங்கியது. சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லாமலேயே அந்தக் கோடு நிலைத்திருக்கிறது.

ஆம்பூர்க் கணக்கர்:

எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கிடைத்தது, நன்றி. அப்படியானால் பிரிட்டனும் பிரான்சும் சொல்வதுபோல் ஐரோப்பியப் படைகள் உக்ரைனில் வந்து நின்றால் கொரியாவைப் போலவே முடிந்துவிடும் அல்லவா? ரஷ்யா அதை மறுப்பது ஏன் என்பதும் இப்போது ஓரளவு புரிகிறது.

ஓய்வுபெற்ற சாப்பர், கம்மவான்பேட்டை:

அவ்வளவு எளிதாக முடியாது, தம்பி. எந்த வேலைக்காகப் போகிறோம் என்று தெளிவில்லாமல் போன ஒரு படையில் நான் இருந்தேன். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்டார்கள். களத்தில் துப்பாக்கி வைத்திருந்த புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. யாழ்ப்பாணத்தில் முதலில் மாலை போட்டு வரவேற்ற தெருக்களிலேயே அக்டோபரில் நாங்கள் கண்ணிவெடி தேடி ஊர்ந்தோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் திரும்பினோம். பிறகு 2002இல் நார்வே வந்தது; போர்நிறுத்தக் கண்காணிப்பாளர்கள் மீறல்களைக் குறித்துக்கொண்டார்கள், தடுக்க அதிகாரமில்லை. கிழக்கு உக்ரைனின் தோன்பாஸில் 2014 முதல் 2022 வரை இருந்த ஐரோப்பியக் கண்காணிப்புக் குழுவின் கதையும் அதுவே. அங்கே சண்டையை நிறுத்த மின்ஸ்க் ஒப்பந்தம் இரண்டு முறை போட்டும் அன்றாடம் எத்தனை வெடிப்பு என்ற அறிக்கைதான் வந்தது.

ஆகவே படை வருமா என்பதோடு, சுட்டால் திருப்பிச் சுட அதற்கு ஆணை உண்டா, அடிபட்டால் அதன் சொந்த நாடு பின்வாங்காதா என்பவற்றையும் கேட்க வேண்டும். கொரியாவில் இரண்டுக்கும் விடை இருந்தது. பிரான்சும் பிரிட்டனும் இந்த இரண்டாவது கேள்விக்குத் தம் மக்களிடம் இன்னும் பதில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். என்னைக் கேட்டால், உக்ரைனுக்குக் கிடைக்கக்கூடிய உறுதியான காவல் அதன் சொந்தப் படைதான். அந்த 28 அம்ச வரைவில் அதன் படையை ஆறு இலட்சத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டியதை அவர்கள் நிலத்தைப் பற்றிய பிரிவுக்கு இணையாக எதிர்த்ததற்கும் காரணம் அதுவே. அடுத்த சுற்றுப் பேச்சு என்று செய்தி வந்தால் கைதிகள் மாற்றத்தைக் கண்டு உடனே ஆர்டர் கணக்குப் போடாதீர்கள்; கைதிகளைக் கடும் போருக்கு நடுவிலும் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். படையளவு பற்றியும் வெளிநாட்டுப் படை பற்றியும் மாஸ்கோ தன் நிபந்தனையை ஒரு படி இறக்கியதாகச் செய்தி வந்தால், அப்போது உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள்.