மறுமொழி: ஃபோர்குளோஷருக்குத் தமிழில் என்ன?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> 'முன்முடிப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, சிக்கலே அங்கேதான். நம்மூர் வங்கிகளில் ஃபோர்குளோஷர் என்றால் கடனைக் காலத்துக்கு முன்பே கட்டி முடிப்பது. மாறும் வட்டி வீட்டுக் கடனில் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2012-இல் ரிசர்வ் வங்கி சொன்னதும் இந்தப் பொருளில்தான். அமெரிக்காவிலோ, தவணை கட்டாமல் வீடு கைவிட்டுப் போவதற்கு அதுதான் பெயர். நான் கடனை அடைத்தபோது வந்த ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட் மேசைமேல் கிடந்தது. நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த மச்சான் அதைப் பார்த்துவிட்டு, என் மனைவியைத் தனியே கூப்பிட்டு, "அத்தானுக்கு எவ்வளவு தேவைப்படும்க்கா?" என்று கேட்டிருக்கிறான்!

முன்முடிப்பு முதல் பொருளுக்கே இருக்கட்டும்.

> ஜப்தி போதாதா?

ஜப்தி என்றதும் கோர்ட் அமீனாதான் கண்ணில் நிற்பார். அடமானச் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம் 2002-இல் வந்தது; அதன்படி வங்கி வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டியதில்லை. 60 நாள் நோட்டீஸ், அப்புறம் கதவில் ஒரு தாள், நாளிதழில் 'சுவாதீன அறிவிப்பு'. கடன் வாங்கியவர் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

என் யோசனை: மூழ்கல். கெடு தாண்டிய அடகு நகையை 'முழுகிப் போச்சு' என்றுதானே சொல்கிறோம்? பெரம்பூரில் எங்கள் பாட்டி கெடுவுக்கு முந்தின நாள், ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு சேட்டு கடைக்குப் போவார். வட்டியை மட்டும் கட்டிவிட்டு வந்து, "இந்த வருஷமும் முழுகாம பாத்துக்கிட்டேன்" என்பார். 2009-இல் ஒபாமா அரசு கொண்டுவந்த திட்டமும் ஏறக்குறைய இதே வேலைதான்: வட்டியைக் குறைத்து, தேவைப்பட்டால் காலத்தை நீட்டி, மாதத் தவணையை வருமானத்தில் 31 சதவீதத்துக்குக் கொண்டுவருவது. அதை 'மூழ்கல் தடுப்பு' என்றால் பாட்டிக்கே புரிந்திருக்கும்.

> வீட்டின் விலை கடன் பாக்கியைவிடக் கீழே போனாலும் அமெரிக்கர்கள் 'நீருக்கடியில்' என்பார்களே, குழம்பாதா?

நல்ல கேள்வி. அதை 'விலை தாழ்ந்த அடமானம்' என்று பொருளைப் பார்த்து எழுதிவிடலாம். நம் காதில் மூழ்குவது கெடுவோடுதான் ஒட்டியிருக்கிறது, விலையோடு அல்ல.

அடுத்தது, பிரிடேட்டரி லெண்டிங், அதாவது ஆளை ஏமாற்றிச் சிக்கவைக்கும் கடன். கந்துவட்டி என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு 2003-இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் கந்துவட்டிக்காரர் வட்டியை ஒளிப்பதில்லை, தெருவுக்கே தெரியும். இது வேறு ரகம். முதல் இரண்டு வருஷம் தவணை இனிக்கும், மூன்றாம் வருஷம் எகிறும். கட்ட முடியாது என்று தெரிந்தே கொடுப்பதும் உண்டு. அதனால்தான் அமெரிக்காவில் 2010-இன் டாட்-ஃபிராங்க் சட்டம், திருப்பிக் கட்டும் சக்தி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடு என்றது. தோழி சொன்ன 'வேட்டைக் கடன்' அழகுதான். ஆனால் வேட்டையில் மான் ஓடும். இங்கே மீன் தானாக வந்து வாய் வைக்கிறது. 'தூண்டில் கடன்' என்பேன்.

ஒரு இடத்தில்தான் இடிக்கிறது. வீடு மூழ்கியது, சரி. வங்கி என்ன செய்தது? 'வங்கி வீட்டை மூழ்கடித்தது' என்று எழுதினால் வேளச்சேரிக்காரர்கள் டிசம்பர் மழையைத்தான் நினைப்பார்கள். இந்த வினைச்சொல்லுக்கு யாராவது வழி சொல்லுங்கள்.