அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.யின் புதிய பருவம் (2025-26): ஒக்டோபரிலேயே அதிகாலையில் எழுந்து பார்க்கத்தான் வேண்டுமா?

கோணமலை ரசிகன்:
2025 ஒக்டோபர் 21 ஆம் திகதி இரவு ஒக்லஹோமா சிற்றி தண்டர் அணி ஹூஸ்டன் ரொக்கெட்ஸ் அணியை எதிர்கொள்ளும்போது திருகோணமலையில் 22 ஆம் திகதி அதிகாலை 5 மணியாக இருக்கும். அந்த நேரத்துக்காக நான் ஆவலோடு காத்திருக்கிறேன். 2018 இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கிண்ணத்தைத் தக்கவைத்த பிறகு, ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் வென்றுள்ளன. சென்ற பருவத்தில் 82 ஆட்டங்களில் 68 ஐ வென்று, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இந்தியானா பேசர்ஸை வீழ்த்திய தண்டர் அந்த வரிசையை முறிக்குமா என்பதே இம்முறை முதற்கேள்வி. 2014 இல் தண்டர் வீரராக ஆடி அவ்வாண்டின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்ற கெவின் டுராண்ட், ஹூஸ்டன் சட்டையுடன் அதே நகரில் களமிறங்குகிறார். இதைவிடச் சிறந்த தொடக்கம் வேண்டுமா?

உப்புவெளியான்:
தம்பி, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் முடிவில் உடன்பாடில்லை. நீங்கள் சொன்ன அதே பேசர்ஸ் சென்ற பருவத்தின் முதல் 25 ஆட்டங்களில் பத்தை மட்டுமே வென்றது. அப்போது பார்த்தவர் எவரும் அந்த அணி இறுதித் தொடருக்கு வரும் என்று எண்ணியிருக்க மாட்டார். மேலும் ஒவ்வோர் அணியின் 82 ஆட்டங்களும் முடிந்த பின்னர்கூட 30 அணிகளில் 20 அணிகளுக்குக் கிண்ண வாய்ப்பு எஞ்சியிருக்கிறது. முன்னணி வீரர்கள் ஓய்வெடுப்பது மிகுந்ததால், பெரிய விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டங்களில் ஆடியிருக்க வேண்டும் என்று 2023 இல் விதியே கொண்டுவந்தார்கள். கிண்ணத்துக்கான இறுதிச் சுற்றுகள் தொடங்கும் ஏப்ரலில் பார்க்கத் தொடங்கினால் போதும்.

கோணமலை ரசிகன்:
அண்ணா, பேசர்ஸ் என் பக்கத்துச் சாட்சி. பதினைந்து தோல்விகளைக் கண்ட அணி எப்படி 50 வெற்றிகளுக்கு உயர்ந்தது என்பதை, ஏப்ரலில் வந்து சேர்ந்தவர் புள்ளிப் பட்டியலில் மட்டுமே படிப்பார். அணி உருவாவதைப் பார்ப்பதுதான் எனக்கு இன்பம்.

தண்டரின் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டரைக் கவனியுங்கள். சென்ற பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 32.7 புள்ளிகள் எடுத்த அவர், தடுப்பவரைத் தாண்டிப் பறக்கும் வீரர் அல்லர். தோளைச் சற்றுத் தாழ்த்தி முன்னேறுவார். தடுப்பவர் பின்வாங்கி, உடலின் பாரம் குதிகாலுக்குப் போகும் அந்தக் கணத்தில் சட்டென்று நின்று, நிமிர்ந்து எறிவார். ஒரே ஆட்டத்தில் இதைப் பலமுறை காணலாம், ஒவ்வொரு முறையும் நிற்கும் இடம் மட்டும் மாறும். இதைக் கண்டு பழக ஏப்ரல் மட்டும் போதாது.

நிலாவெளி ஆசிரியை:
பாடசாலை அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுப்பவள் என்பதால் எழுதுகிறேன். உப்புவெளி அண்ணாவின் முடிவை ஏற்கிறேன், காரணம் வேறு. அதிகாலை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் ஷாயின் நிறுத்தத்தைப் பழகுவதில்லை. கோட்டுக்கு அப்பால் நின்று மூன்று புள்ளிக்கு எறிகிறார்கள். எங்கள் களம் திறந்தவெளிச் சீமெந்துத் தளம். ஒக்டோபரில் மழை தொடங்கியதும் விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளிவிட்டே ஆட வேண்டும். கால் ஊன்றி நிற்கவே தெரியாத பிள்ளைக்கு அங்கே தூர எறிதல் எதற்கு? இந்த ஊரில் கூடைப்பந்தை வளர்த்தவர்களில் ஒருவர் புனித சூசையப்பர் கல்லூரியில் பயிற்றுநராக இருந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார். 1990 ஓகஸ்டில் மட்டக்களப்புக்குப் போகும் வழியில் அவர் காணாமற்போனார் என்பதை இன்றும் மனம் ஏற்க மறுக்கிறது. அவரிடம் பழகிய தலைமுறைக்கு நேரலை என்பதே இருக்கவில்லை, ஆனாலும் ஆடினார்கள்.

கோணமலை ரசிகன்:
அக்கா, அடிகளாரைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். ஆனால் பிள்ளைகள் எறிதலை மட்டும் பார்க்கிறார்கள் என்றால், பார்க்கும் முறையைக் கற்பிக்க வேண்டுமே தவிர, பார்ப்பதை நிறுத்தக் கூடாது. தண்டரின் லூ டோர்ட் பந்து வைத்திருப்பவருக்கு முன்னால் பக்கவாட்டாக நகரும்போது அவருடைய கால்கள் ஒன்றையொன்று குறுக்கிடுவது அரிது. நீங்கள் கேட்கும் கால் ஊன்றல் அதிலேயே இருக்கிறது.

உப்புவெளியான்:
அதையும் ஏப்ரலில் பார்க்கலாம், தம்பி. டோர்ட் அப்போதும் ஆடுவார்.

கோணமலை ரசிகன்:
விக்டர் வெம்பன்யாமாவைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியுமா, அண்ணா? சென்ற பெப்ரவரியில் தோளில் இரத்தம் உறைந்ததால் அவர் பருவத்தின் எஞ்சிய பகுதி முழுவதையும் இழந்தார். 22 ஆம் திகதி இரவு சான் அன்டோனியோவுக்காக அவர் திரும்புகிறார். எதிரணியான டல்லாஸில், அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் இவ்வாண்டுத் தெரிவில் முதலிடம் பெற்ற 18 வயது கூப்பர் பிளாக் முதன்முறையாக ஆடுகிறார். நமக்கு அது 23 ஆம் திகதி காலை 7 மணி. பாடசாலை நேரம் என்பது தெரியும், அக்கா. ஆட்டத்தின் சில பகுதிகளை எடுத்துவைத்து, சனிக்கிழமைப் பயிற்சிக்கு முன் அனுப்புகிறேன்.

நிலாவெளி ஆசிரியை:
அனுப்புங்கள். எறிதல்களை விட்டுவிட்டுத் தடுப்பாட்டத்தை மட்டும் எடுத்து அனுப்புங்கள். மழை பெய்தால் வகுப்பறையில் வைத்துக் காட்டுகிறேன்.