பாடன்-வூர்ட்டம்பெர்க் கட்டண விலக்கு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் தங்கை மகளுக்கு ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் என்ற வரியைப் படிக்கும்வரை வீடே விழாக்கோலம்தான். ஜெர்மனியில் கட்டணமே கிடையாது என்று அடித்துச் சொன்ன கல்வி ஆலோசகர் இப்போது போனை எடுப்பதில்லை.

விசாரித்த பிறகுதான் புரிந்தது. அங்கே உயர்கல்வி மாநிலங்களின் கையில் இருக்கிறது. ஃப்ரைபுர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பல்கலைக்கழகம் முதல் அருங்காட்சியகம் வரை கவனிப்பது ஸ்டுட்கார்ட்டில் உள்ள அறிவியல், ஆராய்ச்சி, கலை அமைச்சகம். 2017-18 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவர்களுக்கு அம்மாநிலம் இந்தக் கட்டணத்தை விதித்திருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு விலக்கு உண்டு. இவளுக்கு அது பொருந்தாது. நான்கு பருவத்துக்கு 6,000 யூரோ. மாப்பிள்ளை கடைக் கணக்கு நோட்டின் பின்னட்டையில் அதை மூன்று முறை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு, பேசாமல் எழுந்து போய்விட்டார்.

தனித்திறன் உள்ள மாணவர்களுக்குப் பல்கலைக்கழகமே விலக்கு அளிக்கலாம் என்று படித்தேன். அப்படி விலக்கு பெற்றவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எப்போது விண்ணப்பித்தீர்கள், சேர்வதற்கு முன்பா, பின்பா? மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறார்களா? பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் உதவுமா?

மற்ற மாநிலத்துக்கு மாறிக்கொள்ளச் சொல்லாதீர்கள். இந்தத் துறைக்காகவே மூன்று ஆண்டுகள் உழைத்த பெண் அவள். உங்கள் அனுபவம் ஒரு வரியானாலும் எழுதுங்கள்.