மூங்கில் கிழங்கு எடுத்து நட்டவர்கள் சொல்லுங்கள்: இலை விட்டும் ஏன் காய்ந்தது?

பொள்ளாச்சி வரப்பு:
மாமா தோட்டத்து முள்மூங்கில் குத்திலிருந்து, அதாவது புதரிலிருந்து, போன ஆனியில் நாலு கிழங்கு எடுத்தேன். மூன்று உடனே போய்விட்டது. நாலாவதுதான் இன்னும் மனதை அரிக்கிறது. கடப்பாரையால் நெம்பும்போது மண்ணுக்குள் 'மளுக்'கென்று ஒரு சத்தம். கிழங்கைத் தாய்க்குத்தோடு இணைக்கும் கழுத்து ஒடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். தூக்கிப் பார்த்தால் கிழங்கின் பக்கவாட்டில் இருந்த கண் (முளை), கட்டைவிரல் மொத்தம், செதில் பிய்ந்து பாதியாகப் பிளந்திருந்தது. சரி என்று நட்டேன். மூன்று மாதம் கணுவெல்லாம் இலை. பிழைத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன். மார்கழியில் கழி வெளுத்துவிட்டது.

மாயவரம் வாய்க்கால்:
கழியில் இருக்கிற சத்தை வைத்தே இலை விடும் தம்பி. குருத்து கிளம்பக் கண் வேண்டும், அதைத்தான் பிளந்துவிட்டீர்கள். கடப்பாரையே எதற்கு? நான் மஞ்சள் மூங்கிலை இரண்டு கணுத் துண்டாக அறுத்து, நடுவில் ஓட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றி, ஓட்டையைப் பாலித்தீனால் சுற்றி மணலில் படுக்கப் போட்டேன். 45 நாள் கழித்துக் கையால் மணலை விலக்கினால், கிளை அடியில் இடியாப்பம் மாதிரி வெள்ளை வெளேரென்று வேர். அன்றைக்கு எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

சத்தி மலையடி:
அக்கா, மஞ்சள் மூங்கிலில் நடப்பதை எல்லா மூங்கிலுக்கும் சொல்லாதீர்கள். கல்மூங்கில் பெரும்பாலும் கெட்டிக் கழி, தண்ணீரை எங்கே ஊற்றுவது? 30 துண்டு போட்டு எனக்கு 2 தான் தேறியது.

தம்பிக்கு ஒன்று. அடுத்த தடவை குத்தின் ஓரத்தில், போன மழைக்கு வந்த கழியாகப் பாருங்கள். கழியில் உறை ஒட்டியிருக்கும், அதன் சுனை (அரிக்கும் மயிர்) கையில் ஏறும், சாக்கைச் சுற்றிக்கொள்ளுங்கள். குத்தின் நடுவில் இருக்கும் கிழட்டுக் கழியைத் தொடவே தொடாதீர்கள். மூன்று நாலு கணு விட்டு மேலே சாய்வாக வெட்டிவிட்டு, சுற்றி மண்ணை எடுத்து, கழுத்தை ரம்பத்தால் அறுக்க வேண்டும். நெம்பக் கூடாது. வேரை ஈரச் சாக்கில் சுற்றி அன்றைக்கே நடுங்கள். குழிக்குக் குழி 5 மீட்டராவது இருக்கட்டும், நெருக்கி நட்டால் பின்னால் கழி வெட்ட உள்ளே நுழைய முடியாது.

தேனி மேற்கு:
எல்லாரும் முறையைச் சொல்கிறீர்கள், தாய்க்கு என்ன வயது என்று யாரும் கேட்கவில்லை. முள்மூங்கில் 40, 45 வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும், விதை விட்டதும் செத்துப்போகும். எங்கள் தாத்தா காலத்துக் குத்திலிருந்து நான் கிழங்கு எடுத்து நட்டு ஆறே வருஷம். தாய் பூத்த அதே கோடையில் என் குத்தும் இலையை உதிர்த்துவிட்டுக் கதிர் கதிராகப் பூத்து நின்றது. கிழங்கில் வந்தது புதுப்பயிர் இல்லை, தாயின் உடம்பேதான். உதிர்ந்த விதையை, அதாவது மூங்கில் அரிசியை, கூட்டி அள்ளி, அம்மா முறத்தில் புடைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மழைக்கு அடியில் புல் மாதிரி நாற்று. 20 பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

பொள்ளாச்சி வரப்பு:
மாமாவுக்குப் போன் போட்டேன். அந்தக் குத்தே அவர் யார் தோட்டத்திலோ கிழங்கு வாங்கி வைத்ததாம். தாய் எந்த வருஷத்தது என்று அவருக்கே தெரியாது. அண்ணே, அந்த நாற்றில் எனக்கு இரண்டு பை வேண்டும்.