பழைய ரைபிள் குறி தப்புகிறதா? எதில் பிடிபட்டது என்று சொல்லுங்கள்

ஒன்ராறியோவிலிருந்து:

கூட வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் தன் அப்பாவின் .303 லீ என்ஃபீல்டைக் (பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிள், .303 என்பது தோட்டா ரகம்) கொண்டுவந்தார். நம்பர் 4 ரகம். பக்கவாட்டில் லாங் பிராஞ்ச், 1943 என்று பொறித்திருந்தது. டொராண்டோவுக்குப் பக்கத்தில், இன்றைய மிசிசாகாவில் இருந்த தொழிற்சாலை அது. போர் முடிந்தபின் உபரியாக மலிவு விலைக்கு வந்த இந்த ரைபிள்களை வாங்கியவர்கள் முன்பக்க மரத்தை வெட்டிக் குறைத்து, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டி, மான் வேட்டைக்கு வைத்துக்கொண்டார்கள். இதுவும் அப்படித்தான்.

100 கஜத்தில் 8 அங்குலத்துக்குச் சிதறியது. அந்தச் சிதறலோடு மானைச் சுட்டால் காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து சாகும். “பேரல் போச்சு” என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். அந்த ஒற்றை வார்த்தைத் தீர்ப்பில் எனக்கு என்றுமே நம்பிக்கை இல்லை. முதலில் சுட்ட இலக்குக் காகிதத்தைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த பேரலில் முதல் குண்டு சரியாக விழுந்து, சூடேற ஏற ஒரே திசையில் நகர்ந்தால் மரம் எங்கோ பேரலை அழுத்துகிறது. ஓட்டைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தால் ஸ்கோப் மேல் சந்தேகம். இதில் ஒரு ஒழுங்கும் இல்லை, எட்டுத் திக்கும் சிதறல். அப்படியென்றால் அழுக்கு, தோட்டா, இல்லை பேரல் வாய், அதாவது குண்டு வெளியேறும் முனை.

அழுக்கிலிருந்து தொடங்கினோம். செம்பு கரைக்கும் அம்மோனியா திரவத்தில் துணியை நனைத்து உள்ளே விட்டால் நீலமாக வெளியே வந்தது. ஊற வைத்து, துடைத்து, மறுபடி ஊற வைத்து, இரண்டு மாலை இதே வேலை. (பித்தளை முனை போட்ட கம்பி என்றால் துணி கடைசிவரை நீலமாகத்தான் வரும், அந்த முனையே கரைவதால். நைலான் முனை வாங்கிக்கொள்ளுங்கள்.) சிதறல் 5 அங்குலமாகக் குறைந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

அப்புறம் வாய். தோட்டா உட்காரும் சேம்பரும் மேகசினும் காலி என்று பார்த்து, பின்னால் அடைக்கும் போல்ட்டையும் கழற்றி வைத்துவிட்டு, ரீலோடிங்குக்கு (தோட்டாவை நாமே நிரப்ப) விற்கும் தனிப் புல்லட் (மருந்தில்லாத வெறும் குண்டு) ஒன்றை வாயில் நுழைத்துப் பார்த்தேன். நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆழமாக இறங்கியது. பட்டாளத்தில் இந்த ரைபிளைக் கயிற்றில் துணி கட்டி இழுத்துத்தான் துடைப்பார்கள். கயிற்றைச் சாய்த்து இழுத்தால், அதில் ஒட்டிய மண் வாயின் ஒரு ஓரத்தை அரம் மாதிரி தேய்க்கும். விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால், குண்டு வெளியேறும் நொடியில் பின்னாலிருந்து வரும் வாயு அந்தப் பக்கமாக முந்திப் பீறிட்டுக் குண்டை ஆட்டிவிடும்.

துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் ஒருவர் தேய்ந்த பகுதியை லேத்தில் அகலமாகக் குடைந்து, நல்ல வரிப்பள்ளம் (பேரலுக்குள் குண்டைச் சுழற்றும் திருகுக் கோடு) தொடங்கும் இடத்தில் புது விளிம்பு வெட்டிக் கொடுத்தார். இப்போது அதே தோட்டாவில் இரண்டரை அங்குலம். காட்டுக்குள் மான் வேட்டைக்கு இது தாராளம்.

நியூசிலாந்து தெற்குத் தீவிலிருந்து:

அருமை அண்ணா. இங்கே நான் போவது தார் ஆட்டுக்கு. நம்ம வரையாட்டின் இமயமலைச் சொந்தக்காரன், 1904இல் இங்கே கொண்டுவந்து விட்டதாம். நம்ம ஊரில் வரையாட்டைச் சுட்டால் ஜெயில், இங்கே தார் பெருகிவிட்டது என்று ஹெலிகாப்டரில் போய்ச் சுட்டுக் குறைக்கிறார்கள்!

என் பழைய .308 ரைபிளில் நீங்கள் சொன்ன அந்த இரண்டு கூட்டம் கதைதான். ஸ்கோப் வளையங்களைத் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இறுக்கம். ஸ்கோப்பை மொத்தமாகக் கழற்றியபோதுதான் அதைத் தாங்கும் அடித்தட்டின் திருகு ஒன்று லொட லொட. எண்ணெயைத் துடைத்து, நீலத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு முடுக்கினேன். சரியாகிவிட்டது. .303க்கு வேறு தோட்டா போட்டுப் பார்த்தீர்களா?

ஒன்ராறியோவிலிருந்து:

பார்த்தோம் தம்பி, வாய் வெட்டிய பிறகு. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது தீர்த்தது என்றே தெரியாது. போர்க்காலப் பேரல்களில் சில உள்ளளவில் கொஞ்சம் அகலம், அதனால் .303க்கான 0.311 அல்லது 0.312 அங்குலப் புல்லட்தான் போட வேண்டும். .308 ரைபிளுக்கான புல்லட் இதில் வரிப்பள்ளத்தைச் சரியாகப் பிடிக்காது. இதில் 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டைவிட 180 நெருக்கமாக விழுகிறது, பெரியவரும் இந்த நவம்பர் வேட்டைக்கு அதையே இரண்டு பெட்டி வாங்கி வைத்துவிட்டார்.