மாயாவி என்றால் யார்? வீட்டுச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லுங்கள்

கொக்கட்டிச்சோலைக் கிழவன் (கேள்வி)

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ‘கிழவன்’ என்ற புனைபெயரைப் பதிந்து தந்தவள் மகள். மாற்றத் தெரியாததால் அப்படியே கிடக்கிறது.

போன ஞாயிறு மதியம் ஆரையம்பதியிலிருந்து மச்சான் வந்திருந்தார். சோறு உண்டுகொண்டிருக்கும்போது பேச்சு எங்கெங்கோ சுற்றிப் பழைய சித்திரக்கதை மாயாவியில் வந்து நின்றது. “மாயாவி வெள்ளைக் குதிரையில் வருவாரே, பக்கத்தில் ஓநாய் ஓடிவரும்” என்றார் மச்சான். எனக்குக் கவளம் தொண்டையில் நின்றுவிட்டது. மாயாவிக்கு ஏது குதிரை? மாயாவி என்றால் இரும்புக்கை. வலது கை எஃகு. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், அந்தக் கை மட்டும் துப்பாக்கியோடு அந்தரத்தில் மிதக்கும். அதைப் பார்த்த கள்வன் வாயைப் பிளந்தபடி நிற்பான். அந்தப் படம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

மச்சான் விடவில்லை. மண்டையோட்டு மோதிரத்தால் குத்தினால் தழும்பு சாகும்வரை அழியாது என்று தன் தாடையையே தொட்டுக் காட்டினார். அது வேதாளன் என்றேன் நான். ‘மாயாவி’ என்றுதான் அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது என்று சத்தியம் செய்தார். குழம்பு ஆறிப்போனது.

அதற்குள் மகள் புகுந்தாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். “இரண்டு பேருமே சூப்பர் ஹீரோ இல்லை, அப்பா. மாமாவின் ஆள் முகமூடி போட்ட வனக்காவலர். உங்கள் ஆள் மின்னொழுக்கு” என்றாள்.

மின்னொழுக்கு! மூன்று நாளாக அந்தச் சொல் காதுக்குள் ரீங்கரிக்கிறது.

அவளுக்குப் புரியாத ஒன்று உண்டு. நாங்கள் இரும்புக்கையாரை வாசித்த காலத்தில் எங்கள் ஒழுங்கைக்கு மின்கம்பி வந்திருக்கவில்லை. மாமா நெல் விற்ற காசோடு மட்டக்களப்புப் பட்டணத்துக்குப் போனால், திரும்பிவரும்போது சாரத்து மடிப்பில் ஒரு புத்தகம் சுருண்டிருக்கும். அப்போது மண்முனையில் பாலம் இல்லை, அது 2014-இல்தான் வந்தது. வாவியைக் கடக்கப் பாதைதான். (வெளியூர்க்காரர் குழம்ப வேண்டாம். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆளும் சைக்கிளும் சாமான் மூட்டையும் ஏறுகிற மிதவை.) பாதை கரை தட்டும் முன்பே நானும் தம்பியும் துறையில் போய் நிற்போம். இரவு குப்பி விளக்கைத் தலைமாட்டுக்கு இழுத்து வைத்து வாசிப்போம். கட்டத்தில் மாயாவி சுவரிலுள்ள துளைக்குள் விரலைச் செருகுவார், பொறி பறக்கும், ஆள் மறைவார். அந்தத் துளை என்ன என்றே எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரர் வீடுகளில் குளவி கூடு கட்டுகிற இடம் என்று நினைத்திருந்தேன்.

தம்பி ஒருநாள் கேட்டான், மாயாவி நம்மூருக்கு வந்தால் எப்படி மறைவார் என்று. நல்ல கேள்வி. இரண்டு இரவு யோசித்தோம். மறைய முடியாது, ஆகையால் வரமாட்டார் என்றேன் நான். மாரி காலத்தில் மின்னலடிக்கும்போது வரலாம் என்றான் அவன். அந்த வருடம் மழைக்கு அவன் திண்ணையைவிட்டு உள்ளே வரவில்லை, அம்மாவிடம் அடி வாங்கினான்.

1990-இல் இடம்பெயர்ந்து போய்த் திரும்பியபோது புத்தகப் பெட்டி இருந்தது, உள்ளே கறையான் புற்றும் இருந்தது. அது வேறு கதை.

மகள் இப்போது பார்ப்பது ‘த பாய்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடர். அதில் பறக்கிற வீரனை ஒரு கம்பனி வைத்திருக்கிறது. அவன் முகத்தை விளம்பரத்தில் விற்கிறது, அவன் செய்த கொலையை மூடி மறைக்கிறது. இதுதான் உண்மையான சூப்பர் ஹீரோ கதை, மற்றவையெல்லாம் குழந்தைக் கதை என்கிறாள். நானும் இரண்டு பகுதி பார்த்தேன். இரத்தம் அதிகம். ஆனால் கேலி கூர்மையானது, அதை மறுக்கவில்லை.

கேட்பது இதுதான். மாயாவி யார்? அத்தோடு, வீரனைக் கேலி செய்யவே ஒரு தொடர் எடுப்பவனுக்கு வீரன்மேல் கொஞ்சமாவது ஆசை இருந்திருக்குமா, இல்லையா?

---

கல்முனைப் பழைய புத்தகம்

தம்பி, பிறந்த ஆண்டைச் சொன்னால் அவரவர் மாயாவி யார் என்று நான் சொல்லிவிடுவேன். 1980-க்கு முன் பிறந்தவர் இரும்புக்கையைச் சொல்வார், பின் பிறந்தவர் குதிரையைச் சொல்வார். உங்கள் மச்சான் உங்களைவிட எட்டுப் பத்து வயது இளையவராக இருப்பார். சரிதானே?

சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972-இல் தொடங்கியபோது முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. மூலக்கதை 1962-இல் லண்டனில் ‘வேலியண்ட்’ என்ற சிறுவர் வார இதழில் வந்தது. படம் போட்டவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளுக்கு இங்கே கட்டுப்பாடு இருந்ததால், தோணியில் வந்ததும் பயணப் பெட்டியில் வந்ததுமாகக் கைமாறிக் கைமாறித்தான் நாங்கள் வாசித்தோம். என்னிடம் வந்த பிரதிக்கு அட்டையும் இல்லை, கடைசி நான்கு பக்கமும் இல்லை. முடிவை நானே எழுதி ஒட்டினேன்.

குதிரைக்காரர், லீ ஃபாக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1936-இல் படைத்த பாத்திரம். தமிழுக்கு முதலில் வேதாளனாகத்தான் வந்தார். 1984-இல் தொடங்கிய ராணி காமிக்ஸ் பிற்பாடு அவரை எடுத்துப் போட்டபோது ‘மாயாவி’ என்று பெயர் சூட்டிவிட்டது. மச்சான் செய்த சத்தியம் பொய்யில்லை. ஒரே பெயரில் இரண்டு பேர், அவ்வளவுதான். எங்கள் தெருவிலும் மூன்று தங்கராசா இருந்தார்கள்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள். உடம்போடு ஒட்டிய உடுப்பும் முகமூடியுமாக அந்த ‘வனக்காவலர்’ வந்து இரண்டு வருடம் கழித்து, 1938-இல்தான் சூப்பர்மேன் பிறந்தார். உங்கள் இரும்புக்கையாரும் சுத்தமான ஆளில்லை. தொடக்கக் கதையில் அவர் வங்கிக் கொள்ளைக்காரன், பிறகுதான் திருந்தினார். லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரும் அப்படித்தான். வலை வீசும் பையனைச் சொல்லவில்லை, கூரான காதும் இறுகிய முகமுமாக வருகிற குற்றச் சக்கரவர்த்தியைச் சொல்கிறேன். அந்த ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். நல்லவனைப் படைத்தவரே கெட்டவனுக்கும் எழுதியிருக்கிறார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு அதில் பாதிப் பதில் இருக்கிறது.

---

பாண்டிருப்பு மருமகள்

அண்ணா, எனக்கு இந்தப் புத்தகங்கள் பழக்கமில்லை. மகனோடு சேர்ந்து படங்கள் பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வரும். மூக்குக்கண்ணாடி போட்டால் சூப்பர்மேனைப் பக்கத்துக் கதிரையில் இருப்பவருக்கே அடையாளம் தெரியாதாம். எங்கள் ஊரில் இது ஒரு நாள் நடக்குமா?

நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊரில் திரௌபதி அம்மன் கோயில் சடங்கு பதினெட்டு நாள். ஊர் ஆண்களே பாண்டவராகி, விரதமிருந்து, வனவாசம் போகிற நாளில் வேடத்தோடு தெருவில் வருவார்கள். முடிவில் தீ மிதிப்பார்கள். என் மாமனாரின் தம்பி ஒரு காலத்தில் அப்படி நின்றவர். மற்ற நாளில் கரைவலைக்குப் போகிற மனிதர். வில்லோடு அவர் வந்தபோது நான் நிறைகுடத்தோடு வாசலில் நின்றேன். முதல் நாள்தான் எங்கள் வீட்டுக்குச் சூடை மீன் கொண்டுவந்து விலை பேசியவர். அந்தக் கால்தான், அதே பித்தவெடிப்பு. ஆனாலும் குனிந்து தண்ணீர் ஊற்றும்போது எனக்குக் கை நடுங்கியது. முகம் மூடவில்லை, பெயர் மறைக்கவில்லை, யார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நடுங்கியது.

சடங்கு முடிந்த மறுவாரம் அவர் கடனுக்கு அரிசி கேட்டபோது கடைக்காரர், “அருச்சுனர் போன மாதக் கணக்கை முடித்தால் நல்லது” என்றார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அடுத்த வருடம் அதே கடைக்காரர் அவர் காலில் விழுந்தார்.

உங்கள் மகளின் தொடரில் வருகிறவனுக்குக் கம்பனி இருக்கிறது, கடன் கேட்கிற கடைக்காரர் இல்லை. கெட்டுப்போகத்தான் செய்வான்.

---

ஏறாவூர் இளையவன்

கிழவன் அண்ணனுக்கு வணக்கம். நான் உங்கள் மகளின் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீரனைக் கேலி செய்வது புதிதில்லை. அமெரிக்காவில் 1966-இலேயே பேட்மேனைத் தொலைக்காட்சித் தொடராக்கி ஆசைதீரக் கேலி செய்தார்கள். சண்டையில் குத்து விழும்போது திரை முழுக்க ‘டமால்’, ‘பளார்’ மாதிரிச் சொற்கள் கலர் கலராக வெடிக்கும். 1968 வரை நூற்றிருபது பகுதி ஓடியது. அதில் நடித்த ஆடம் வெஸ்ட் ஒரு இடத்திலும் சிரிக்கமாட்டார். உலகத்தையே காப்பாற்றுகிற முகத்தோடு, தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார் என்பது போன்ற புத்திமதிகளை உதவியாளனுக்குச் சொல்வார். பேட்மேன்மேல் ஆசையில்லாதவனால் அவ்வளவு நுணுக்கமாகக் கேலி செய்ய முடியாது. இதுதான் என் பதில்.

ஆனால் எல்லாக் கேலியும் ஒன்றில்லை. எங்கள் வாப்பாவுக்கு இலங்கை வானொலியின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகம் என்றால் உயிர், 1976-இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. அதில் மரிக்கார் என்று ஒரு முஸ்லிம் பாத்திரம், நடித்தவர் ராமதாஸ். வாப்பா அவர் பேச்சை அப்படியே பேசிக்காட்டிக் கண்ணில் நீர்வரச் சிரிப்பார். எனக்கு அரைச் சிரிப்புத்தான் வருகிறது. ஏறாவூரில் யாரும் அப்படிப் பேசுவதில்லையே! “அது கொழும்புத் தமிழ்டா, உனக்கென்ன?” என்று கேட்கிறார். ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருக்கலாம். பேச்சைக் கேலி செய்யும்போது பக்கத்து வீட்டுக்காரன் நெளிகிறான், கம்பனியைக் கேலி செய்யும்போது கம்பனிக்காரன் நெளிகிறான். இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும்.

வேதாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு மக்கள் நிறைந்த காட்டில் ஒரு வெள்ளைக்காரர் மண்டையோட்டுச் சிம்மாசனத்தில் பரம்பரை பரம்பரையாக உட்கார்ந்திருக்கிறார், ஊரார் சாகாவரம் பெற்றவர் என்று நம்பிக் கும்பிடுகிறார்கள். இதை யாராவது நன்றாகக் கேலி செய்து தொடர் எடுத்தால் முதல் ஆளாகப் பார்ப்பேன். மச்சான் கோபிக்க வேண்டாம்.

---

கொக்கட்டிச்சோலைக் கிழவன்

கல்முனை ஐயாவுக்குக் கைகொடுக்க வேண்டும். மச்சான் என்னைவிடச் சரியாக ஒன்பது வயது இளையவர். தீர்ப்பைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். “அப்படியென்றால் நானும் சரி” என்றார். அந்த ‘உம்’மைக் கேட்க எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

தங்கச்சி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் பக்கக் கூத்திலும் அப்படித்தான். வடமோடி அரசனுக்கு உடுப்பே ஒரு சுமை, அதைக் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆட வேண்டும். அவர் களரிக்கு வருமுன் கட்டியக்காரன் வந்து கட்டியம் கூறிக்கொண்டே பகிடி விடுவான். சிறுவயதில் நான் பார்த்த ஒரு கூத்தில், மகாராசாவின் மாடு முதல் நாள் யாருடைய வயலில் மேய்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். சனம் உருண்டு சிரித்தது. அடுத்த நிமிடம் மத்தளம் அதிர அரசன் வந்து ஒரு சுற்று ஆடியபோது மூச்சுக்கூடக் கேட்கவில்லை. மகள் பார்க்கிற தொடரில் கட்டியக்காரன் வந்துவிட்டான், அரசனைத்தான் இன்னும் காணவில்லை. எனக்குள்ள குறை அது ஒன்றுதான்.

ஏறாவூர்த் தம்பி, வேதாளரைப் பற்றி நீங்கள் சொன்னது ஞாயம். சிறுவயதில் ஒரு நாளும் தோன்றாமல் போனது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் மின்னொழுக்கு என்ற சொல்லை யாருமே கண்டிக்கவில்லை. கவனித்துக்கொண்டேன்.

---

கொக்கட்டிச்சோலைக் கிழவன்

அப்பாவின் கணக்கிலிருந்து மகள் எழுதுகிறேன். அவர் வயலுக்குப் போயிருக்கிறார்.

சில திருத்தங்கள். குழம்பு ஆறிப்போகவில்லை, இருவரும் சண்டை போட்டபடியே சட்டியை வழித்துவிட்டார்கள். ‘இரண்டு பகுதி பார்த்தேன்’ என்று எழுதியிருக்கிறார், பார்த்தது எட்டு. ஒன்பதாவதைப் போடச் சொல்லி என்னை எழுப்பினார்.

நேற்றிரவு எங்கள் பக்கம் மின்சாரம் போய்விட்டது. நான் கூடத்தில் தொலைபேசி வெளிச்சத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். சமையலறைக் கதவின் இருட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் கரண்டி மட்டும் மெல்ல வெளியே வந்தது. வெளிச்சம் பட்டுப் பளபளத்தது. அந்தரத்தில் இரண்டு தரம் ஆடியது. பிறகு அடித்தொண்டையில் ஒரு குரல்: “மின்சாரம் இல்லாமலும் மறைவேன்.”

நான் சிரித்துக் கொப்பியைக் கீழே போட்டுவிட்டேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: “அந்தக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு மறையுங்கள்.”